பாட்டு விட்டு விட்டு வருகிறதா? அறுகிற இடத்தை முதலில் பிடியுங்கள்

"தம்பி, பாட்டு விட்டு விட்டுப் போகுது. பக்கேஜைக் கூட்டினாச் சரிவருமோ?" வன்னியில் பரந்தன் பக்கமோ மல்லாவிப் பக்கமோ, வீட்டுக்கு நெட் எடுத்தவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பெரும்பாலான நேரம் சரிவராது. பெரிய பக்கேஜ் கூடுதல் டேட்டாவைத் தரும், சிலவேளை கூடுதல் வேகத்தையும் தரும். பாட்டுக்கு இரண்டுமே அவ்வளவாகத் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். பாட்டுக் கேட்கும் ஆப்பான ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அதில் ஆகக் குறைந்த ஒலித்தரம் செக்கனுக்கு 24 கிலோபிட். சாதாரணம் 96, உயர்தரம் 160, மிக உயர்தரம் 320. எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 160இல் கேட்டால் செக்கனுக்கு 20 கிலோபைட் வந்தால் போதும். நாலு நிமிடப் பாட்டு முழுவதும் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு மணித்தியாலம் கேட்டால் 72 மெகாபைட். 320இல் கேட்டாலும் 144தான். உங்கள் வீட்டு நெட் இரவு எட்டு மணிக்குப் படுமோசமாக இருக்கும்போது வேகத்தை அளக்கிறீர்கள், 2 மெகாபிட் காட்டுகிறது என்று வையுங்கள். அது 2000 கிலோபிட். 160 கிலோபிட் பாட்டுக்குத் தேவையானதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அப்படியிருந்தும் பாட்டு நிற்கிறது என்றால் வேகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

யூரியூப்பில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பாட்டோடு படமும் வருகிறது. 720பி தரத்தில் ஓடினால் செக்கனுக்கு ஒன்றரை, இரண்டு மெகாபிட் என்று போய்விடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்பீக்கரில் கேட்கிற வீட்டில் அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள்? தரத்தை 144பிக்கோ 240பிக்கோ இறக்கிவிடுங்கள். சில வீடுகளில் இதோடேயே பிரச்சினை தீர்ந்துவிடும், மிச்சத்தை வாசிக்க வேண்டியிருக்காது.

பாட்டு நிற்பது எப்போது?

பாட்டுப் பாடும் ஆப், வருகிறதை வரவரப் பாடுவதில்லை. முன்கூட்டியே கொஞ்சத்தை இழுத்துப் போனுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்துதான் பாடுகிறது. இதைத்தான் பஃபர் என்கிறார்கள். சிறுபோகம் செய்கிறவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கனகராயன் ஆறு வற்றிக் கிடந்தாலும் இரணைமடுக் குளத்தில் தண்ணி இருக்கும் வரைக்கும் வாய்க்கால் ஓடும். மழை பெய்யாத நாட்களில் அல்ல, குளம் அடிதட்டுகிற அன்றைக்குத்தான் வயல் காயத் தொடங்கும்.

ஆகவே பாட்டு நின்றது என்றால், சேமிப்புத் தாக்குப்பிடிக்கிற நேரத்தைவிடக் கூடிய நேரம் வரவு அறுந்து கிடந்தது என்று அர்த்தம். வேகம் குறைந்தது என்று கட்டாயம் அர்த்தமில்லை. வேகம் அளக்கும் ஆப்கள் ஏன் இங்கே ஏமாற்றுகின்றன என்பதும் இதில் விளங்கும். அவை அரை நிமிடம் அளவுக்கு ஓடி ஒரு எண்ணைக் காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் நாற்பது செக்கன் அறுகிற இணைப்பு, அளக்கிற அந்த அரை நிமிடத்தில் அருமையாக ஓடிக்காட்டலாம். "வேகம் நல்லாத்தானே காட்டுது, பிறகேன் நிக்குது?" என்று குழம்புகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

நேரலை வானொலி இன்னொரு சாதி. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் தமிழ் வானொலியை ஆப்பில் போட்டால், அதற்குச் சில செக்கன் சேமிப்புத்தான் இருக்கும். அறிவிப்பாளர் இன்னும் பேசாததை எந்த ஆப்பாலும் முன்கூட்டி இழுத்து வைக்க முடியாது. அதனால் ஒரே வீட்டில், ஒரே நெட்டில், மகளின் ஸ்பொட்டிஃபை நிற்காமல் ஓட, அப்பாவின் வானொலி மட்டும் பத்துத்தரம் அறும். வானொலி ஆப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. இணைப்பில் சின்னச் சின்ன அறுப்புகள் இருக்கின்றன, அவற்றை முதலில் காட்டிக்கொடுப்பது வானொலி, அவ்வளவுதான். பழைய றேடியோப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. நிலையம் ஒருமுறை ஒலிபரப்பினால் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் அதே அலையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓட்டம் வரவேண்டும்.

காதால் பிரிக்கலாம்

கருவி எதையும் தொடுவதற்கு முன்னர், பாட்டு எப்படி அறுகிறது என்று கவனியுங்கள். பாட்டு நிற்கும்போது திரையில் ஓடும் நேரக்கோடும் சேர்ந்து நிற்கிறதா? நின்ற சொல்லிலிருந்தே மீண்டும் தொடங்குகிறதா? அப்படியானால் சேமிப்பு முடிந்துவிட்டது, நெட் பக்கம் பாருங்கள். நேரக்கோடு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் துண்டு துண்டாகக் காணாமல் போய், நடுவில் சில சொற்களை விழுங்கிவிட்டு வந்தால் அது புளூடூத். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நடக்கிற கோளாறு. நெட்டுக்கு அதில் பங்கில்லை.

சந்தேகம் தீரவேண்டுமென்றால், போனில் ஏற்கனவே இறக்கி வைத்திருக்கும் பாட்டொன்றை அதே ஸ்பீக்கரில் போடுங்கள். அதுவும் விக்கினால் ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் பத்து மீற்றர் அளவுக்குத்தான் நம்பத்தக்கது, அதுவும் நடுவில் மறைப்பு இல்லாமல். மனித உடம்பு அந்த அலையை நன்றாக உறிஞ்சும். போனைப் பின்பக்கப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு முற்றம் கூட்டுகிறவருக்கு, திரும்புகிற பக்கத்துக்கு ஏற்றபடி பாட்டு அறுவது அதனால்தான். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு. திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிடும், போனைத் திறந்தால் உடனே பாடும். அன்ட்ரொய்ட் போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கப் பின்னால் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். செட்டிங்கில் அந்த ஆப்பின் பற்றரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரி. காசு கட்டாத யூரியூப்பில் திரை அணைந்தால் பாட்டு நிற்பது பழுதில்லை. அவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

நெட்தான் என்று உறுதியானபின், பாதையை நடுவால் பிளக்கவேண்டும். போனிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பாதி, அது வைஃபை. ரவுட்டரிலிருந்து டவருக்குப் போய் அங்கிருந்து வெளியுலகம் வரை மற்றப் பாதி. எந்தப் பாதியில் அறுகிறது என்று தெரியாமல் செலவழிக்கிற காசு கிணற்றில் போட்ட காசு.

பிளக்கிற கருவி பிங். ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று பார்க்கும் வேலை. விண்டோஸ் கணினியில் கொமாண்ட் புரொம்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங், ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு ஒட்டிச் சின்ன ரி (ping -t), மீண்டும் ஒரு இடைவெளி, பிறகு ரவுட்டரின் முகவரி என்று தட்டுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும். கொன்ட்ரோலும் சியும் அழுத்தும் வரை அது செக்கனுக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொரு ஜன்னலில் இதையே 8.8.8.8 என்ற முகவரிக்குப் போடுங்கள். அது கூகிளின் பொது முகவரி, எப்போதும் பதில் தரும். கணினி இல்லாவிட்டால் பிங் அனுப்பும் இலவச ஆப்கள் போனுக்கு இருக்கின்றன. இரண்டையும் ஓடவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டு இருங்கள்.

பாட்டு நிற்கிற நொடியில் எந்த ஜன்னல் தடுமாறுகிறது என்று பாருங்கள். ரவுட்டரிலிருந்து வரும் பதில் வழமையாகப் பத்து மில்லிசெக்கனுக்குள் இருக்கவேண்டும். அது முந்நூறு, எண்ணூறு என்று துள்ளினாலோ பதில் வராமல் போனாலோ கோளாறு வைஃபையில், வீட்டுக்குள்ளேயே. ரவுட்டர் ஒழுங்காகப் பதில் சொல்ல, 8.8.8.8 மட்டும் மௌனமாகிவிட்டால் கோளாறு வெளியே. இரண்டும் ஒழுங்காக இருக்கப் பாட்டு மட்டும் நின்றால் ஆப்பையோ, போனையோ, அந்தப் பாட்டு நிறுவனத்தின் சேர்வரையோதான் சந்தேகப்படலாம். இது அபூர்வம். ஆப்பை அழித்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

வைஃபை: வன்னி வீட்டில் எது இடிக்கும்?

இணையத்தில் வைஃபை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதல் என்று தொடங்குவார்கள். கொழும்பில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது சரி. அரை ஏக்கர் காணிக்குள் தனி வீடாக இருக்கும் விசுவமடுக்காரருக்கு அயல்வீட்டு வைஃபை எட்டிக்கூடப் பாராது. வவுனியா, கிளிநொச்சி ரவுணுக்குள் கடைத்தெருவில் இருந்தால் மட்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சனல்களில் ஆள் குறைந்ததைத் தெரிவுசெய்து பாருங்கள். அந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை.

எங்களுக்கு இடிப்பவை தூரமும் தகரமும். உலோகம் வைஃபை அலையை ஊடுருவ விடாது, திருப்பி அடிக்கும். தகரச் சுவர், தகரக் கதவு, இரும்பு அலுமாரி, பிரிட்ஜ், ரி.விக்குப் பின்பக்கம், இவற்றுக்கு நடுவில் ரவுட்டரை வைத்துவிட்டு விறாந்தையில் பாட்டு நிற்கிறது என்றால் வேறென்ன நடக்கும்? சீமெந்துக் கல் சுவர் அந்தளவு மோசமில்லை, ஆனால் இரண்டு மூன்று சுவர் தாண்டினால் அலை மெலிந்துவிடும். ரவுட்டரை நிலத்திலோ அலுமாரிக்குள்ளோ வைக்காமல், நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், நீங்கள் கூடுதலாக இருக்கும் பக்கத்துச் சுவரில் வையுங்கள்.

கிணற்றடியில் கேட்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். போனில் வைஃபை இரண்டு கோடு காட்டும், ஆனாலும் பாட்டு வராது. அந்தக் கோடுகள் ரவுட்டரின் அலை போனுக்கு எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் சொல்கின்றன. போன் திருப்பி அனுப்பும் அலையின் வலு பொதுவாக ரவுட்டரினதைவிடக் குறைவு, அது போய்ச் சேருகிறதா என்று கோடு சொல்லாது. "அடுத்த துண்டைத் தா" என்ற போனின் கேள்வி ரவுட்டரை எட்டாவிட்டால் பாட்டு எங்கேயிருந்து வரும்? அதைவிடக் கரைச்சல், விளிம்பில் நிற்கும் போன் வைஃபைக்கும் சிம் டேட்டாவுக்கும் மாறி மாறித் தாவுவது. ஒவ்வொரு தாவலிலும் பழைய இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கவேண்டும், வானொலி கட்டாயம் அறும். வளவுக்குள் நடந்து திரிகிற நேரம் வைஃபையை நிறுத்திவிட்டுச் சிம் டேட்டாவிலேயே கேட்பது நல்லது. மணித்தியாலத்துக்கு 72 மெகாபைட் என்பது பெரிய செலவில்லை.

ரவுட்டர் இரண்டு அலைவரிசை தந்தால், 5 கிகாஹேர்ட்ஸ் அதே அறைக்குள் ரி.வி பார்க்க நல்லது, சுவர் தாண்டுவதில் சோடை. தூரத்துக்கு 2.4தான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வேறு வேறு பெயர் கொடுங்கள், எதில் நிற்கிறோம் என்று தெரியும்.

டவர்ப் பக்கம்

பைபர் கம்பி வந்த வீட்டுக்காரர் இந்தப் பகுதியைத் தாண்டலாம். வன்னியின் உட்கிராமங்களில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் பரவலாக இருக்கிறது. டவர்கள் ஏ9 வீதி ஓரமாகவும், பரந்தன் முல்லைத்தீவு வீதி போன்ற பெருந்தெருக்களின் சந்திகளுக்குக் கிட்டவும் நிற்க, குடியேற்றத் திட்ட வீடுகள் உள்ளே பல கிலோமீற்றர் தள்ளி இருக்கும். நடுவில் தேக்கும் பாலையும்.

ரவுட்டரின் முகவரியைப் பிரவுசரில் தட்டினால் அதன் உள்பக்கம் திறக்கும். அங்கே இரண்டு எண்கள் முக்கியம். ஆர்.எஸ்.ஆர்.பி என்பது டவரின் அலை எவ்வளவு வலுவோடு வந்து சேருகிறது என்பது. கழித்தல் குறியோடு இருக்கும். கழித்தல் 85 நல்லது, கழித்தல் 100 பரவாயில்லை, கழித்தல் 110ஐத் தாண்டிப் போனால் நூலில் தொங்குகிறது. எஸ்.ஐ.என்.ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் அந்த அலை எவ்வளவு தெளிவு என்பது. 13க்கு மேல் நல்லது, 20க்கு மேல் அருமை, பூச்சியத்துக்குக் கீழே போனால் இரைச்சல்தான் கூட. எல்லாரும் வலுவைத்தான் பார்க்கிறார்கள். என் கருத்தில் இரண்டாவது எண்தான் பெரியது. மூன்று டவருக்கு நடுவில் இருக்கும் வீட்டில் வலு நன்றாக இருக்கும், தெளிவு இருக்காது. ரவுட்டர் ஒரு டவரை விட்டு மற்றதுக்கு மாறிக்கொண்டே இருக்கும், பாட்டும் அறுந்துகொண்டே இருக்கும்.

மருந்து காசில்லாதது. ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, எஸ்.ஐ.என்.ஆரைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு ஜன்னலில் 4, இன்னொன்றில் 15 என்று வருவது சாதாரணம். இரண்டடி நகர்த்தினாலே மாறும். வைஃபைக்கு நல்ல இடமும் டவருக்கு நல்ல இடமும் ஒத்துவராவிட்டால் டவர்ப் பக்கத்துக்கு முதலிடம் கொடுங்கள். வைஃபையை வயர் இழுத்து இன்னொரு சின்ன ரவுட்டரால் நீட்டலாம், டவரை நீட்ட முடியாது. எந்த ஜன்னலிலும் தெளிவு வராத வீட்டுக்கு, வெளியே கம்பத்தில் பூட்டி டவரைப் பார்த்துத் திருப்பும் அன்ரனாவோ, வெளியில் பூட்டும் வகை ரவுட்டரோதான் வழி. வாங்க முன்னர் உங்கள் ரவுட்டரின் பின்பக்கத்தில் அன்ரனா திருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் இல்லை.

மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பார்கள். 4ஜி அலையை மழைத்துளி பெரிதாகக் கெடுக்காது. நனைந்த மர இலைகள் கெடுக்கும். ரி.வி டிஷ் மழைக்கு அறுவது வேறு கதை, அது மிக உயர்ந்த அலைவரிசை. 2025இல் இலங்கைக்கு வந்த, செய்மதி வழியாக நெட் தரும் ஸ்ரார்லிங்கும் அந்த உயர்ந்த பக்கம்தான், கொட்டும் மழையில் அதற்கும் சறுக்கல் உண்டு.

எந்த நேரத்தில் அறுகிறது என்பதும் சாட்சி சொல்லும். இரவு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை அறுந்து, விடிய ஐந்து மணிக்கு அதே பாட்டு சோக்காக ஓடினால், உங்கள் வீட்டில் பிழையில்லை. அந்த நேரம் ஊரே டவரில் தொங்குகிறது. அதற்கு ஜன்னல் மாற்றிப் பலனில்லை. ஆப்பில் தரத்தை 96க்கோ 24க்கோ இறக்குங்கள், அல்லது காலையிலேயே பாட்டை இறக்கி வையுங்கள். ஸ்பொட்டிஃபையில் காசு கட்டினவர்கள் இறக்கி வைத்த பாட்டை நெட் இல்லாமல் கேட்கலாம், முப்பது நாளுக்கு ஒருதரமாவது நெட்டில் தலைகாட்டினால் போதும். மாதக் கடைசியில் மட்டும் மோசம் என்றால் டேட்டா முடிந்து வேகம் இறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் 160 ஓடாது, 24 ஓடும்.

யாரோ படம் ஏற்றுகிறார்கள்

இனிச் சொல்லப்போவதுதான் கண்டுபிடிக்க ஆகக் கடினமானது, தெரிந்துவிட்டால் தீர்க்க ஆக லேசானது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய் வந்த வீடு. நாலு போன், ஒவ்வொன்றிலும் படமும் வீடியோவும். வீட்டுக்குள் கால் வைத்து வைஃபை பிடித்ததும் போன்கள் தாமாகவே அவற்றைக் கூகிள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். யாரும் எதையும் அழுத்தவில்லை. பாட்டு நின்றுவிடும்.

ஏற்றுகிறதற்கும் இறக்குகிறதற்கும் என்ன சம்பந்தம்? பாட்டு இறங்கவேண்டுமானால் போன் இடைவிடாமல் சின்னச் சின்னச் செய்திகளை மேலே அனுப்பவேண்டும். "கிடைத்தது, அடுத்ததைத் தா" என்கிற மாதிரி. 4ஜியில் மேலே போகும் பாதை கீழே வருவதைவிட ஒடுங்கியது. அதில் படங்கள் நிரம்பியதும் ரவுட்டர் மிச்சத்தை வரிசையில் நிறுத்துகிறது. வரிசை நீளும். பாட்டின் சின்னச் செய்தி அந்த வரிசையின் கடைசியில் நின்று, ஒன்றிரண்டு செக்கன் கழித்துத்தான் வெளியே போகும். இறங்கும் பாதை காலியாகக் கிடக்க, கேட்பாரில்லாமல் பாட்டு வராமல் இருக்கும். சிக்னல் எண்கள் அருமையாக இருக்கும், ரவுட்டருக்குப் போகும் பிங்கும் அநேகமாக ஒழுங்காக இருக்கும். 8.8.8.8இன் பதில் மட்டும் 50இலிருந்து 1500க்கு ஏறி நிற்கும். அறவில்லை, தாமதிக்கிறது. அதுதான் அடையாளம்.

நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் என்ற வேகம் அளக்கும் தளத்தில் கூடுதல் விபரத்தைத் திறந்தால் இரண்டு தாமத எண்கள் வரும், சும்மா இருக்கும்போது ஒன்று, பாரம் ஏறும்போது ஒன்று. முதலாவது 40, இரண்டாவது 900 என்று வந்தால் உங்கள் வீட்டில் இந்த வியாதி இருக்கிறது.

படம் ஏற்றுவதை நள்ளிரவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இரவு டேட்டா தரும் பக்கேஜ் என்றால் அது சும்மாதான் கிடக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வளவைப் பார்க்கவென்று சிசிரிவி பூட்டிய வீடுகளில் கமரா இருபத்துநாலு மணித்தியாலமும் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அதன் படத்தரத்தைக் குறைத்துவிடுங்கள், அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பு என்று வையுங்கள். ரவுட்டரில் ஒவ்வொரு கருவியும் ஏற்றக்கூடிய வேகத்துக்கு எல்லை போடும் வசதி இருந்தால் கமராவுக்கு எல்லை போடுங்கள். எஸ்.கியூ.எம் என்ற வசதி உள்ள ரவுட்டர் வரிசையைத் தானே சரிக்கட்டும். அது விலை கூடிய ரவுட்டர்களில்தான் வரும், இல்லாவிட்டால் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை.

கரண்டும் வெக்கையும்

ரவுட்டரின் உள்பக்கத்தில் அது எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்று ஒரு இடத்தில் காட்டும். நீங்கள் கைவைக்காமலே அது இருபது நிமிடம் என்று காட்டினால், ரவுட்டர் தானே அணைந்து எழும்பியிருக்கிறது. கரண்ட் கண்ணடித்தாலே போதும். மின்விளக்கு ஒருதரம் மினுங்கியதைக்கூட நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், ஆனால் ரவுட்டர் மறுபடி எழும்பி டவரைப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். எந்தச் சேமிப்பும் அதைத் தாங்காது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது ரவுட்டருக்கென்று வாங்கிய மினி யூபிஎஸ் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பூட்டுங்கள். வாங்குவதாக இருந்தால் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற் எது என்று பார்த்து, அதையே தருகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். பெரும்பாலும் 12 வோல்ற் இருக்கும். 9 வோல்ற் ரவுட்டருக்கு 12ஐக் கொடுத்தால் ரவுட்டரே போய்விடலாம். கரண்டும் ஒழுங்கு, ஆனாலும் ரவுட்டர் அணைகிறது என்றால் அடப்டரைச் சந்தேகியுங்கள், பழசானால் பாரம் தாங்காது.

வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 40 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் வேலைசெய்யச் செய்யப்பட்டவை. தகரக் கூரைக்குக் கீழே, சோளகம் வீசும் மாதத்துப் பின்னேரத்தில், கூரைக்குக் கிட்ட ஆணியில் தொங்கும் ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கள். மத்தியானம் மோசம், இரவு நல்லம் என்றால் இதுதான். டவர் நெருக்கடிக்கு நேர் எதிரான நேரக்கணக்கு. கீழே இறக்கி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பித் தொலைபேசி வழியாக நெட் எடுப்பவர்கள் அந்தக் கம்பியையும் கழற்றவேண்டும்.

எல்லாம் பார்த்தும் அறுப்பு வெளியேதான் என்று தெரிந்தால் நிறுவனத்துக்கு எடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு அறுகிறது, அப்போது எஸ்.ஐ.என்.ஆர் எவ்வளவு, ரவுட்டர் பிங் ஒழுங்காக இருக்க வெளிப் பிங் எத்தனை செக்கன் மௌனமாகியது என்று எழுதி வைத்து வாசியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், அயலில் வேறு நிறுவனத்துச் சிம் பாவிக்கிறவரை இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, ரவுட்டர் இருக்கும் அதே ஜன்னலடியில் அவருடைய போனிலிருந்து சிம் டேட்டாவில் 8.8.8.8க்கு அரை மணித்தியாலம் பிங் ஓடவிடுங்கள். அது அறாமல் ஓடினால் மட்டும் நிறுவனம் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்னர், கையில் இருக்கும் ரவுட்டர் மற்ற நிறுவனத்துச் சிம்மை ஏற்குமா, பூட்டுப் போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்டதென்றால் புது ரவுட்டரின் விலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.